விருத்தாசலம் ஏரியில் ஒன்பதடிக் கழுத்துக்காரன்

எங்கேயாவது ஏரியில் பூதம், பங்களாவில் பேய் என்று கேள்விப்பட்டால் எனக்குக் கை பரபரக்கும். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது தெரியும். ஏற்காட்டில் இருட்டினால் கூரைமேல் யாரோ நடக்கிறார்கள் என்று வாடகைக்கு ஆளே வராமல் கிடந்த வீட்டில் தங்கி, அங்கே குட்டிகளோடு குடித்தனம் நடத்திய மரநாயைக் கண்டுபிடித்துச் சொன்னவள் நான்தான். வீட்டுக்காரர் ஒரு பை ஆரஞ்சு கொடுத்தார். மரநாய் எதுவும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். சேலத்தில் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நான் இப்படிக் கிளம்புகிற நாட்களில் கல்லாவில் உட்காருகிற பாவப்பட்ட மனிதர் என் கணவர்.

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் மும்தாஜ் போன் செய்தாள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழி. இப்போது விருத்தாசலம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வீடு, அங்கேயே பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கணவர் சார்ஜாவில் இருக்கிறார். எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. எங்கள் ஏரியில் நீளக் கழுத்தோடு ஒன்று தெரிகிறது, வீடியோ ஊர் முழுக்கச் சுற்றுகிறது, பிள்ளைகள் நீச்சலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள் என்றாள். பூதமாவது ஒன்றாவது, பொய் என்று சொல்லிவிட்டுப் போ என்றேன்.

"பொய்யின்னு சொல்றதுக்கு நானே போதும்டி. அப்ப அது என்னான்னு கேக்குறாங்க. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அதுக்குத்தான் நீ வரணும்" என்றாள்.

நீச்சல் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதுவும் புரியாது. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அந்த ஏரிப் படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மும்தாஜின் மாணவி ஒருத்தி பாசியில் வழுக்கி விழுந்து இறந்துபோனாள். படியிலிருந்து நாலு கை வீச்சு தூரம்தான். கரையில் நின்ற அத்தனை பெண்களில் ஒருவருக்கும் நீந்தத் தெரியவில்லை. அந்தத் துக்கம் முடிந்ததும் மும்தாஜ் வீடு வீடாகப் போனாள். சனி, ஞாயிறு காலை ஆறு முதல் எட்டு வரை மேற்குக் கரையில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல், அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று ஊரைப் பேசி ஒத்துக்கொள்ள வைத்தாள். மூடிய காலி எண்ணெய் கேனை இடுப்பில் கட்டிக்கொண்டு சுடிதாரோடு இறங்கின பிள்ளைகள், இரண்டே வருடத்தில் கேன் இல்லாமல் ஏரியின் பாதி தூரம் போய்த் திரும்பினார்கள். இதெல்லாம் நடந்தபோது போனில் கேட்டு நான் பெருமைப்பட்டது கொஞ்சநஞ்சமல்ல. அந்த வகுப்புதான் இப்போது காலியாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து ரயிலில் போனேன். சேலம், ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். பஸ்ஸில் அதைவிட மூன்று நான்கு மடங்கு ஆகும், முதுகும் போகும். ரயில் நேரம் அவ்வப்போது மாறுகிறது, பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் ஆத்தூர் தாண்டியதும் மரவள்ளிக் காடுகள், அப்புறம் வரிசையாக நிரம்பிய ஏரிகள். ஒவ்வொரு ஏரியிலும் கழுத்து தேடிக்கொண்டே போனேன்.

ஜங்ஷனுக்கு வெளியே ஆட்டோ பிடித்தேன். கிராமம் ஒன்பது கிலோமீட்டர், இருநூற்றைம்பது ரூபாய் கேட்டார், பேரம் பேசி இருநூற்றிருபதுக்கு முடித்தேன். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று மும்தாஜ் கேட்டுக்கொண்டதால் ஸ்ரீமுஷ்ணம் போகிற பக்கம் என்று மட்டும் சொல்கிறேன். ஏரிக்கு என்று நான் சொன்னதுமே ஆட்டோக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீடியோவை ஏழெட்டு முறை பார்த்திருக்கிறாராம். அவர் கணக்கில் கழுத்து மட்டும் பதினைந்தடி. வேப்பூரிலிருந்தும் நல்லூரிலிருந்தும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள், இதுவரை செராமிக் என்றால்தான் எங்கள் ஊர் தெரியும், இனிமேல் இதற்கும் தெரியும் என்றார். அவருடைய பெருமையைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. பயமாக இல்லையா என்று மட்டும் கேட்டேன்.

"எனக்கென்னங்க பயம், நான் ரோட்டுலதானே ஓட்டறேன்" என்றார்.

ஊருக்குள் நுழைந்ததும் ஒன்று கண்ணில் படும். அந்த ஊரில் பாதி வீடுகளிலிருந்து யாராவது ஒருவர் தொழிற்பேட்டைப் பீங்கான் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். சூளையில் விரிசல் விட்டு ஒதுக்கப்படுகிற உருப்படிகள் ஊருக்குத் திரும்பி வந்துவிடுகின்றன. மின்கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டர் இருக்கிறதல்லவா, ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டு கவிழ்த்து அடுக்கின மாதிரி, அதில் ஆடு கட்டுகிறார்கள். வாசலில் துளசிக்குப் பக்கத்தில் நட்டு வைக்கிறார்கள். கொடிக்கயிற்றுக்குக் கம்பமாக நிறுத்துகிறார்கள். ஏரி மதகு மேடையில்கூட, படகு கட்டுவதற்கோ எதற்கோ, இடுப்பு உயரத்துக்கு ஒரு வெள்ளை இன்சுலேட்டர் நிற்கிறது. நான் அதைப் படம் எடுத்தபோது இதையெல்லாம் போய்ப் படம் எடுக்கிறீர்களே என்று இரண்டு பேர் சிரித்தார்கள்.

மும்தாஜ் பள்ளி விட்டு வந்ததும் வீடியோவைக் காட்டினாள். ஊர்க்காரர் ஒருவர் ஏரிக்கரை வழியாக வண்டியில் போகும்போது நிறுத்தி, செல்போனில் முழு ஜூம் போட்டு எடுத்தது. இருபது வினாடிகூட இல்லை, கை நடுக்கம் வேறு. திரை முழுக்கத் தண்ணீர். நடுவில் வெள்ளையாக இன்சுலேட்டர் நிற்கிறது. அதன் பக்கத்தில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கறுப்பாக ஒரு கழுத்து எழுகிறது. உடம்பு இல்லை, வெறும் கழுத்து. அது இன்சுலேட்டரைப் போல மூன்று பங்கு உயரம். பாம்பு மாதிரி வளைகிறது, தலையை ஒரு உதறு உதறுகிறது, கழுத்துக்குள் ஏதோ ஒன்று புடைத்துக்கொண்டு மேலிருந்து கீழே இறங்குகிறது. சத்தமே இல்லாமல் முழுசும் தண்ணீருக்குள் போய்விடுகிறது. எடுத்தவர் "யப்பா" என்கிறார், அத்தோடு முடிகிறது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கே முதுகு சிலிர்த்தது.

மும்தாஜ் ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினாள். பெயர் செல்வி, முப்பத்தைந்து வயதிருக்கும், தொழிற்பேட்டையில் இன்சுலேட்டருக்குப் பூச்சு கொடுக்கிற வேலை. வகுப்பிலேயே நன்றாக நீந்துகிற கயல் இவருடைய மகள். வீடியோ வந்த முதல் நாள் இது ஏதோ தண்ணீர்ப்பாம்பு என்று ஊரில் பலரும் சிரித்திருக்கிறார்கள். அப்போது செல்விதான் படத்தை நிறுத்தி, தட்டுகளை எண்ணி, இது ஐந்து தட்டுச் சாமான், எங்கள் கம்பெனியில் செய்வது, நம் மதகில் நிற்கிறதே அதுதான், உயரம் மூன்றடி என்று சொல்லியிருக்கிறார். இன்சுலேட்டர் மூன்றடி என்றால் கழுத்து ஒன்பதடி. ஒன்பதடிக் கழுத்துள்ள பாம்பு எங்கே இருக்கிறது? சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கழுத்துக்காரன் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. வெளியூரில் பார்த்தவர்களுக்கு அந்த வெள்ளைச் சாமான் என்னவென்றே தெரியாததால் அவர்கள் வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். பயந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்தான்.

செல்வி பேசும்போது எனக்குக் கோபம் வரவில்லை. மரியாதைதான் வந்தது. "நான் தெனம் தூக்குற சாமான்ங்க அது. எத்தினி கிலோன்னு என் இடுப்புக்குத் தெரியும். அத பாத்துட்டு எப்படிங்க எம் புள்ளய எறக்குவேன்?" என்று கேட்டார். நான் தாயாக இருந்தால் நானும் இறக்கியிருக்க மாட்டேன்.

மும்தாஜுக்கு வேறு ஆத்திரம். பிள்ளைகள் படித்துறையில் உட்கார்ந்து துணி துவைக்கிறார்கள், அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. படியில் நிற்கலாமாம், நீந்தத்தான் கூடாதாம் என்று பொருமினாள். ஏரி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. போன வருடம் சேர்ந்த சின்னப் பிள்ளைகள் இன்னும் கேனோடுதான் மிதந்துகொண்டிருந்தார்கள். அதே படி, அதே பாசி. இன்னொரு முறை ஒருத்தி வழுக்கினால் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தேன். ஏரிப் பூதம் என்று கேள்விப்பட்டால் நான் முதலில் பார்ப்பது முதலை. சிரிக்காதீர்கள், கடலூர் மாவட்டத்தில் சிதம்பரம் பக்கம் முதலை நிஜமாகவே உண்டு. முதலை என்றால் அதற்குமேல் பேச்சே கிடையாது, பிள்ளைகளை இறக்கக்கூடாது. ஆனால் மும்தாஜ் அந்த வேலையை எனக்கு முன்னாலேயே முடித்திருந்தாள். வனத்துறைக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கரையைச் சுற்றிப் பார்த்து, தடம் இல்லை, வால் இழுத்த கோடு இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆடோ நாயோ காணாமல் போகவும் இல்லை. அதோடு முதலை கழுத்தைத் தூக்கி நிற்கிற ஜாதியும் இல்லை.

அடுத்தது நீர்நாய். நாலைந்து நீர்நாய்கள் வரிசையாக முங்கி முங்கி நீந்தினால் ஒரே பாம்பின் வளைவுகள் போலத் தெரியும். பல ஊர்களில் பூதம் பிறந்த கதை இதுதான். இங்கே வளைவு இல்லை, ஒரே கழுத்து. சேற்றில் புதைந்த மரக்கட்டை, அழுகிய வாயு சேர்ந்து திடீரென்று மேலே வந்து மறுபடி மூழ்குவது உண்டு. கட்டை தலையை உதறாது. பெரிய கெளுத்தி மூச்சுக்கு மேலே வரும், முதுகுதான் தெரியும். யானை முழுசாக மூழ்கிக் குளித்தால் தும்பிக்கை மட்டும் இப்படித் தெரியும், ஆனால் விருத்தாசலத்தில் யானை ஏரியில் குளித்தால் ஊரே கரையில் நின்று பார்த்திருக்கும். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன்.

அன்று மும்தாஜ் வீட்டில் முட்டைக்குழம்பு. ஏரி விரால் கிடைக்கும் என்று நாக்கைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். மீன் பிடிக்கிற பழனி வலையையே எடுத்துவிட்டாராம், ஏரிக்குள் போகக்கூடாது என்று அவர் மனைவி சொல்லிவிட்டாராம். கழுத்துக்காரன்மேல் எனக்குச் சொந்தமாக ஒரு பகை வந்தது அப்போதுதான்.

சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு மேற்குக் கரையில் பைனாகுலரோடு உட்கார்ந்தேன். நீச்சல் நேரம், ஆனால் மும்தாஜையும் என்னையும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. இல்லை, காக்கை இருந்தது. நீர்க்காகம். முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை எல்லாம் இருந்தன. வெயில் ஏற ஆரம்பித்த சமயத்தில் கோரைப்புல் ஓரம் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கறுப்புக் கழுத்து எழுந்தது. மும்தாஜ் என் தோளைப் பிடித்த பிடியில் இன்னும் வலிக்கிறது. கழுத்து வளைந்தது. கூர்மூக்கில் ஒரு மீன் குத்தி நின்றது. தலையை உதறி மீனை மேலே எறிந்து, வாயில் வாங்கி விழுங்கியது. மீன் கழுத்துக்குள் புடைத்துக்கொண்டு இறங்குவது பைனாகுலரில் நன்றாகத் தெரிந்தது.

பாம்புத்தாரா. கழுத்தைப் பார்த்தால் பாம்பு, மொத்தமாகப் பார்த்தால் தாரா, அதாவது வாத்து, அதனால் அந்தப் பெயர். மற்ற நீர்ப்பறவைகள் போல அதன் இறகில் தண்ணீர் ஒட்டாமல் வழியாது, ஊறும். உடம்பு கனத்து உள்ளே போய்விடும், கழுத்து மட்டும் வெளியே நிற்கும். சாப்பாடு முடிந்ததும் அது ஒரு பட்டமரத்தில் ஏறி இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயப்போட்டது. மும்தாஜ் சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ரொம்ப அழகா இருக்குதுடி. ஆனா இதுக்குக் கழுத்து ஒன்பதடி இல்லியே" என்றாள்.

அதுதான் முட்டுக்கட்டை. பாம்புத்தாராவின் கழுத்து வெளியே தெரிவது ஒன்றேகால் அடி இருந்தால் அதிகம். செல்வி வந்து பைனாகுலரில் பார்த்துவிட்டு, ஆட்டம் எல்லாம் அதே ஆட்டம்தான், ஆனால் அவ்வளவு பெரிய பறவை எங்கே இருக்கிறது என்று கேட்டார். நான் மதகுக்கு நடந்துபோய் இன்சுலேட்டரைத் தையல் டேப்பால் அளந்தேன். தண்ணீருக்கு மேல் சரியாக மூன்றடி. செல்வி பக்கத்தில் நின்று, நான் என்ன பொய்யா சொன்னேன் என்கிற மாதிரி பார்த்தார். இயற்கை விளக்கம் எல்லாம் அந்தப் பீங்கானில் மோதி உடைந்தது. எனக்கு அவமானமாகக்கூட இருந்தது. இவ்வளவு தூரம் வந்து, இருக்கலாம், இருக்காது என்று சொல்லிவிட்டு ரயிலேறுகிறதா?

கரையோர டீக்கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டீ பன்னிரண்டு ரூபாய். கழுத்துக்காரன் வந்த பிறகு இரண்டு ரூபாய் ஏற்றியிருக்கிறார்கள் என்று மும்தாஜ் முணுமுணுத்தாள். கடைக்கு அடுத்த வீடு பழனியுடையது. எடுத்துவிட்ட வலையை வேலிமேல் காயப்போட்டிருந்தார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்த செல்வி எழுந்து வேலிக்குப் போனார். வலையோடு சேர்த்து நாலைந்து மூங்கில் கழிகள் சாத்தியிருந்தன. ஒவ்வொரு கழியின் தலையிலும் வெள்ளையாக ஒரு குட்டி இன்சுலேட்டர் செருகியிருந்தது. ஒன்றைக் கழற்றி எடுத்தார். உள்ளங்கையில் நின்றது. விரலை வைத்து எண்ணினார். ஐந்து தட்டு.

டீ ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் பழனியைக் கூப்பிட்டு, இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். வேறொரு கம்பெனியின் ஒதுக்குக் குவியலில் பொறுக்கியதாம். வலை எங்கே கட்டியிருக்கிறது என்று கரையிலிருந்தே தெரிய வேண்டும் என்பதற்காகக் கழித் தலையில் வெள்ளையாக ஒன்றைச் செருகி வைப்பாராம். மழையில் ஏரி ஏறியபோது கழிகள் எல்லாம் மூழ்கி வெள்ளைத் தலை மட்டும் வெளியே நின்றதாம். வீடியோவில் அதுதான் தெரிகிறது என்று உங்களுக்குத் தோன்றவில்லையா என்று நான் கேட்டேன். அவர் அந்த வீடியோவைப் பார்க்கவே இல்லையாம், பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது என்று மனைவி காட்டவில்லையாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

"எங்க கம்பெனியில சின்னது செய்யறதே இல்லைங்க" என்றார் செல்வி, என்னிடம் இல்லை, கையிலிருந்த பீங்கானிடம் சொல்கிற மாதிரி. "அஞ்சு தட்டுன்னா பெரிசுதான்னு நெனச்சுட்டேன்."

அதன்பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லை. எல்லாவற்றையும் செல்விதான் செய்தார். பழனியை விட்டு, பழைய இடத்தில் ஒரு கழியை நட வைத்தார், கரையிலிருந்து அறுபது அடிகூட இராது. வீடியோ எடுத்தவரைத் தேடிப் பிடித்து, எந்த இடத்தில் வண்டியை நிறுத்தினாய் என்று கேட்டு அங்கே போய் நின்றார். கிட்டத்தில் பழனியின் குட்டி, எதிர்மூலையில் மதகின் பெரியது, இரண்டும் ஒரே நேரில், வீடியோவில் குட்டி பெரியதை முழுசாக மறைத்திருந்தது. ஓரடி தள்ளி நின்று, என் போனை வாங்கி ஜூம் செய்தார். திரையில் இரண்டு இன்சுலேட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில், அண்ணன் தம்பி மாதிரிகூட இல்லை, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, ஒரே அளவில் நின்றன. எது பெரியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதை வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். வெறும் தண்ணீரில் கண்ணுக்குப் பிடிமானம் கிடையாது. தெருவில் என்றால் கதவு, ஆள், சைக்கிள் என்று ஏதாவது இருக்கும், அதை வைத்து மற்றதை அளந்துவிடுவோம். ஏரியில் தூரமும் தெரியாது, அளவும் தெரியாது. அதனால் தெரிந்த பொருள் ஒன்று கிடைத்தால் கண் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்த ஊர்க்காரர்களுக்கு இன்சுலேட்டர் தெரிந்த பொருள். ஐந்து அங்குலத்தை மூன்றடி என்று எடுத்துக்கொண்டார்கள், பக்கத்தில் நின்ற ஒன்றேகால் அடிக் கழுத்து தானாக ஒன்பதடியாகிவிட்டது. கணக்கு சரி, கண் பார்த்ததும் சரி, பிடித்துக்கொண்ட அளவுகோல்தான் வேறு.

செல்வி நினைத்திருந்தால் அந்தக் குட்டியை வேலிக்குள் வீசிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நான் அவரைப் பார்த்துப் பெருமைப்பட ஆரம்பித்தது அங்கேதான். சாயங்காலம் அவரே வீடு வீடாகப் போனார், இரண்டு வருடத்துக்கு முன்னால் மும்தாஜ் போன மாதிரி. நாளைக் காலை மேற்குக் கரைக்கு எல்லோரும் வாருங்கள், நான் சொன்னது தப்பு, எப்படித் தப்பு என்று காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டில், உனக்கு யாரோ சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். அதையும் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் இருபது இருபத்தைந்து பெண்கள், அவர்களுக்குப் பின்னால் பிள்ளைகள். இந்துப் பெண்கள், முஸ்லிம் பெண்கள், மாதா கோயில் தெருவிலிருந்து இரண்டு பேர். செல்வி போனை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து எது பெரியது என்று கேட்டார். பாதிப்பேர் குட்டியைக் காட்டினார்கள். இத்தனைக்கும் கூட்டத்தில் முக்கால்வாசி பீங்கான் கம்பெனிக்காரர்கள். அன்றைக்கு மட்டும் அனுமதி வாங்கி வந்த பழனி கழியைப் பிடுங்கிக் கரைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனதும் அது கைக்குக் கை மாறியது. இந்தச் சுண்டைக்காய்க்கா பயந்தோம் என்று ஒரு அம்மா ஆரம்பிக்க, சிரிப்பு கரை முழுக்கப் பரவியது. இதற்குள் பாம்புத்தாராவும் வந்து, கூப்பிட்ட மாதிரி, கோரைப்புல் ஓரத்தில் கழுத்தை நீட்டியது. ஒரு குழந்தை கழுத்துக்காரன் என்று கை காட்டியது, இந்த முறை யாரும் ஓடவில்லை.

ஆனாலும் பிள்ளைகளை யாரும் இறக்கவில்லை. புரிந்துவிட்டது, சரி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். மூன்று வாரம் பயந்த உடம்பு மூன்று நிமிடத்தில் தேறிவிடாது. மும்தாஜ் என்னைப் பார்த்தாள். நான் கொண்டுவந்த அறிவெல்லாம் அதோடு தீர்ந்துபோயிருந்தது.

செல்வி புடவை முந்தானையை இழுத்துச் செருகினார். பிள்ளைகள் வைத்திருந்த கேன் ஒன்றை வாங்கி இடுப்பில் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, கயல் வந்து கட்டிவிட்டாள். படியில் இறங்கி முழங்கால், இடுப்பு என்று போனார். அவருக்கு நீந்தத் தெரியாது. பிறந்ததிலிருந்து அந்த ஏரிக்கரையில் இருக்கிறார், கழுத்தளவுத் தண்ணீரில் நின்றதே கிடையாது. பற்கள் கிட்டிப்போகிற அளவுக்கு நடுங்கினார், குளிரா பயமா என்று எனக்குத் தெரியாது. திரும்பி மும்தாஜைப் பார்த்தார்.

"எம் பேச்சக் கேட்டுத்தான டீச்சர் இதுங்க நின்னுச்சிங்க. நான் எறங்குனாத்தான் எறங்கும். எனக்கும் கத்துக் குடுங்க."

மும்தாஜ் அழுதுகொண்டிருந்தாள். கயல்தான் தண்ணீரில் குதித்தாள். அம்மாவின் முகவாய்க்கட்டைக்குக் கீழே கையை வைத்துத் தூக்கி, காலை உதைக்கச் சொன்னாள். செல்வி உதைத்ததில் தண்ணீர் பாதி ஏரிக்குத் தெறித்தது, நகர்ந்தது என்னவோ ஒரு முழம். கரையில் விசில் பறந்தது. அடுத்த பிள்ளை குதித்தாள், அடுத்தவள், அப்புறம் நான் எண்ணவில்லை. விடுதியில் ஒரே பக்கெட் தண்ணீருக்குச் சண்டை போட்ட என் தோழி, ஒரு ஏரியையே பிள்ளைகளுக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறாள். தன் வாயால் சொன்ன பயத்தைத் தன் உடம்பால் கழுவினவள் அந்த ஊர்ப் பெண். இரண்டு பேரையும் எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்படி ஒரு பெருமை, மறைக்கவில்லை.

திரும்பும்போது அதே ஆட்டோக்காரர் வந்தார். விஷயம் அவருக்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. கழுத்துக்காரன் போய்விட்டானே என்று கொஞ்சம் சீண்டினேன். அதனால் என்னங்க, பூதம் எந்த ஊரிலும் இருக்கும், அதை அளந்து பார்த்தது எங்கள் ஊர்தானே என்றார். பேரம் பேசாமல் இருநூற்றைம்பது கொடுத்தேன்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விவரங்கள். பாம்புத்தாரா பார்க்க மார்கழியிலிருந்து மாசி வரை நல்ல சமயம், வெயில் ஏறின பிறகு பட்டமரங்களில் சிறகு காயப்போடும்போது படம் எடுக்கலாம். விருத்தாசலத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் அறுநூறு எழுநூறு ரூபாய்க்கு அறை கிடைக்கிறது. ஊரைச் சுற்றி எந்த ஏரியிலும் இந்தப் பறவைகள் உண்டு. பைனாகுலரும் ஒரு தையல் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் ஏரியில் ஏதாவது எழுந்தால், முதலை இருக்கிற பக்கமா என்று முதலில் விசாரித்துவிடுங்கள். அப்புறம், பக்கத்தில் இருக்கிற பொருள் என்ன அளவு என்று கையில் எடுத்துப் பாருங்கள். பழனி மறுபடி வலை போடுகிறார், விரால் கிலோ என்ன விலை என்று அவரிடமே கேளுங்கள், ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்.

கடைசியாக ஒன்று, ஆண்கள் கவனிக்க. சனி, ஞாயிறு காலையில் அந்த மேற்குக் கரைக்குப் போகக்கூடாது. முன்பு ஆறு முதல் எட்டு வரைதான் தடை. இப்போது ஒன்பது வரை நீட்டிவிட்டார்களாம். எட்டுக்குப் பிள்ளைகள் கரையேறிவிடுகிறார்கள், அதற்கப்புறம் ஒரு மணி நேரம் அம்மாக்களுக்கு.